ஏழாகப் பிரியாத வட்டம்

2005ஆம் ஆண்டு பிப்ரவரி 9, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் புழுதியும் சேற்று வாடையும் கலந்திருந்தன. குளிர் முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்த நாட்கள்.

பர்மாவில், அலோன் பேட்டையில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் முனீஸ்வரன் கோயிலில் நானும் என் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். கொத்தனார் கடைசி வாளித் தண்ணீரை ஊற்றிச் சாணை பிடித்ததில் வந்த சிமெண்டுப் பாலைக் கழுவிவிட்டான். ஏழு கன்னிமார் சன்னிதிக்கு முன்னால் ஆறடி அகலத்தில் ஒரு மொசைக் தாமரை. வெள்ளை சிமெண்டில் மாண்டலேப் பக்கத்துச் சலவைக்கல் சில்லுகள், இதழுக்கு இதழ் நடுவே பித்தளைப் பட்டை. ஈரத்தில் பளபளத்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு இதழில் மட்டும் கருஞ்சிவப்புச் சில்லுகள் கூடுதலாகத் தெரிந்தன. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடமாவது பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன். இத்தனை மாதம் மெனக்கெட்டதற்கு ஒரு பலன் என்று நினைத்தேன். உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றும் நினைத்தேன்.

மனைவிக்குக் கண்ணில் அழுத்த நோய். பக்கப் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நேரே இருப்பது மட்டும் தெரியும். தாமரையை அவளால் மொத்தமாகப் பார்க்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெறுங்காலால் இதழ்களின் மேல் நடக்க ஆரம்பித்தாள். பித்தளைப் பட்டை கால்விரலில் தட்டும்போதெல்லாம் ஒரு எண் சொன்னாள். ஒரு சுற்று முடிந்து நின்றாள்.

"என்னங்க, எட்டு வருது."

"சரியா எண்ணு."

"எண்ணிட்டேன். நீங்க எண்ணுங்க."

எண்ணினேன். எட்டு.

மாடிப்படி, மருந்து மாத்திரை, பேருந்தில் நிற்பவர்கள், துணி காயப்போடும் கிளிப்பு என்று எதையும் எண்ணாமல் விடாதவன் நான். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியார். அந்தப் பத்து நிமிடமும் அந்த இதழ்களை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை அழகாக இருந்தது.

அந்தத் தாமரை என்னால் வந்த வேண்டுதல். 2003 மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுப் புண் உடைந்து ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். அப்போது அவள் கன்னிமாரிடம் வேண்டிக்கொண்டாள்: இவர் எழுந்து நடந்தால் உங்கள் காலடியில் ஒரு தாமரை போடுகிறேன், ஒருத்திக்கு ஒரு இதழ். நான் எழுந்து நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"ஆறுன்னு வேண்டியிருக்கக் கூடாதா?" என்றேன். "காம்பஸ எடுத்தா ஒரு நிமிஷ வேலை."

"ஆறு பேரைக் கும்பிட்டு ஒருத்திய வெளிய நிறுத்துனா உங்க வயித்துக்கு அவ பொறுப்பில்ல."

அடுத்த வருஷம் அவளுடைய கண் மங்கத் தொடங்கியது. போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பது இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம், குறையவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படியிறங்கும்போது அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்: "தாமரைய எப்போ போடுறீங்க? நான் பாக்கணும்."

ஏழு என்பதில் எனக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, அதே அகலத்தை மாற்றாமல் விளிம்பில் குறி வைத்துக்கொண்டே போனால், ஆறாவது குறியில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். மயிரிழை பிசகாது. நான்கும் எட்டும் பாதி பாதியாக வெட்டினால் கிடைத்துவிடும். ஐந்துக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும், ஆனால் வழி இருக்கிறது. ஏழுக்கு மட்டும் கிடையாது. காம்பஸும் அளவுக்கோடு இல்லாத ஒரு நேர்க்கட்டையும் வைத்துக்கொண்டு வட்டத்தைச் சரிசமமாக ஏழாகப் பிரிக்க முடியாது. யாருக்கும் இதுவரை வழி தெரியவில்லை என்பதல்ல விஷயம். வழியே இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது.

கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்து மறந்துபோனேன். ஊர்வலமும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த 1988இல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நாங்கள் குடியிருக்கும் லான்மடாப் பேட்டையில், எங்கள் தெருவில் மாலையானால் ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். காய்கறி வாங்குவதுகூடப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான். பொழுது போகாமல் அந்தப் பழைய நிரூபணத்தை எடுத்து வரி வரியாகத் திரும்பப் போட்டேன். முடிக்கப் பல நாளாயிற்று. கடைசி வரியை எழுதியதும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்ப என்ன தெரியுது?" என்றாள்.

"ஏழா பிரிக்க முடியாதுன்னு தெரியுது."

"முடியாதுங்கறதுக்கா இத்தன காகிதம்?"

அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தைய வருஷம்தான் கையில் இருந்த நோட்டுகள் அரசாங்க அறிவிப்பு ஒன்றால் ஒரே நாளில் வெறும் காகிதமாகின. பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று சொல்ல ஆளில்லை. அந்த ஊரில், யார் அறிவிப்புப் போட்டாலும் மாறாத ஒரு விஷயம் என் மேஜைமேல் இருந்தது. அதற்கு அழகு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் நான் தூங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதினாறு வருஷம் கழித்து அதே ஏழு கணக்காகத் திரும்பி வந்தது.

தோராயமாகப் பிரிக்க வழிகள் இருக்கின்றன. வட்டத்துக்குள் ஒரு சமபக்க முக்கோணம் போட்டு, அதன் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வரும். ஆனால் மூன்றடி ஆரத்தில் ஏழு தடவை குறி வைத்துச் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட அரை அங்குலம் மிஞ்சும். நாடாவால் விளிம்பை அளந்தால் ஒரு இதழுக்கு முப்பத்திரண்டே கால் அங்குலமும் கொஞ்சமும். அந்தக் 'கொஞ்சம்' நாடாவில் இல்லை. அதை விட்டுவிட்டு ஏழு தடவை அளந்தாலும் அரை அங்குலம்தான் மிஞ்சுகிறது. எப்படிப் போனாலும் அதே அரை அங்குலம் வாசலில் வந்து நின்றது. மிஞ்சியதை ஏழு இதழுக்கும் பங்கிட்டுத் தள்ளிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. சாமிக்குப் போடுவதில் பொய்யைப் பங்கிட்டு ஒளிப்பதா என்று அன்று எனக்கு ஒரு பிடிவாதம். காகிதத்தில் வரைவதும் கிழிப்பதுமாக நான்கு மாதம் போயிற்று.

ஜனவரியில் அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து வரைக்கும் காலண்டர்ல தேதி தெரிஞ்சிச்சு. இன்னிக்குத் தெரியல."

அன்றே கிளம்பிப்போய்க் கொத்தனாரைப் பார்த்தேன். பர்மாக்காரன், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், அலோன்காரன், கோயில் மதில் வேலை செய்தவன். எனக்கு மறுபடி வயிற்றில் எரிச்சல், நிற்க முடியவில்லை. வரைபடம் எதுவும் கொடுக்கவில்லை, சரியான வரைபடம் என்று ஒன்று என்னிடம் இல்லாததால். "ஞீலே," என்றேன். தம்பி என்பதற்கு இங்கே அப்படித்தான். "ஆறடி அகலத்துல ஒரு தாமரை. வாரத்துக்கு எத்தன நாளோ அத்தன இதழ். நீயே சமமா பிரிச்சுக்க." கன்னிமாரை அவனுக்கு விளக்க அலுப்பாக இருந்தது. நாள் என்றால் யாருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

"சரி ஸயாஜி," என்றான். பெரிய வாத்தியார் என்று அர்த்தம். அன்றிலிருந்து பிப்ரவரி ஒன்பதுவரை நான் படுக்கையில் இருந்தேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். எட்டு என்று நானும் எண்ணி முடித்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். நாங்கள் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வோம்.

"ஞீலே, நான் என்ன சொன்னேன்?"

"வாரத்து நாள்னு சொன்னீங்க."

"வாரத்துக்கு எத்தன நாள்?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு வயிற்றுவலி தலைக்கேறிவிட்டதோ என்று பயந்தவன் போல இருந்தது அவன் முகம். "எட்டு."

"ஏழு!"

"ஆபீசுக்குன்னா ஏழு, ஸயாஜி. கோயிலுக்குன்னா எட்டுதானே?"

எனக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த ஊரில் பிறந்தவன் நான். எந்த பகோடாவுக்குப் போனாலும் சுற்றிலும் எட்டு மூலை, எட்டுக் கிழமை. புதன்கிழமை இரண்டாகப் பிரியும். காலைப் புதன் ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் ராகுவின் நாள், தனி. என் மனைவிகூடத் தான் பிறந்த சனிக்கிழமைக்கான மூலையில் சிலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் திரும்ப மாட்டாள். அப்படியிருந்தும் அவனிடம் பேசும்போது என் மனதில் ஓடியது எங்கள் வீட்டுச் சுவர் காலண்டர்.

"கயித்த எடுத்து வட்டத்த சுத்தி வெச்சேன்," என்றான் அவன். "பாதியா மடிச்சேன், மறுபடி பாதி, மறுபடி பாதி. எட்டு வந்திருச்சு. ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல. வேணும்னா அளந்து பாருங்க."

அளந்து பார்க்கத் தேவையில்லை. எட்டுக்கு வட்டம் மறுப்புச் சொல்லாது.

சத்தம் கேட்டுக் கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். டீக்கடை வைத்திருப்பவர், எதற்கும் கவலைப்படாதவர். தாமரையைச் சுற்றி வந்தார்.

"எட்டுன்னா என்ன வாத்தியாரே, அஷ்டலட்சுமின்னு வெச்சுக்கலாம். லட்சுமி வேணாம்னு எவன் சொல்லுவான்?"

"இது கன்னிமார் வாசல் அண்ணே," என்றாள் என் மனைவி.

"அட, விருந்தாளிக்கு ஒரு எலை கூடப் போட்டா என்னம்மா?"

"உங்க வீட்டு விருந்துன்னா போடுங்க. இது நான் வாய்விட்டுச் சொன்னது. ஏழு பேருக்கு ஏழுன்னு. எட்டாவதுல யாரு வந்து உக்காருவா? உக்காந்தது யாருன்னு தெரியாம நான் கற்பூரம் காட்டணுமா?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "படிச்சவர் நீங்க. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒண்ணுதானே? கழிச்சு விடுங்களேன்."

அதற்குள் கொத்தனார் விஷயத்தைப் பாதி புரிந்துகொண்டிருந்தான். "உடைக்கப் போறீங்களா?" என்று கேட்டான். வடமேற்குப் பக்கம் போய், கருஞ்சிவப்பு இதழின் பக்கத்தில் குந்தினான்.

"நான் புதன் மத்தியானம் பொறந்தவன், ஸயாஜி. இது ராகு மூலை. இந்தச் சில்லு மூட்டையில வர்றது இல்ல. ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலமா தனியா பொறுக்குனேன். கூலி கேக்கல."

அன்று புதன்கிழமை, மத்தியானம் தாண்டி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவனுடைய நாள். எனக்குக் கால் வலித்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். சைக்காவில், அதாவது சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை வைத்த வண்டியில், அவள் முன்பக்கம் பார்த்தும் நான் பின்பக்கம் பார்த்தும் உட்கார்ந்து வந்தோம். எட்டை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் எனக்கு ஆசை. என் வாழ்நாளில் நான் காசு கொடுத்துச் செய்ததில் பிசிறில்லாமல் வந்தது அது ஒன்றுதான். ஏழு போட்டால் எப்படியும் பிசிறு இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சரியானதை உடைத்துவிட்டுத் தப்பானதைப் போடுவதா? மூன்று மாடி ஏறி, கதவைத் திறந்து, இதை அவளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எது சரி?" என்றாள்.

"எட்டு. அது முழுசா மூடுது. அழகா இருக்கு."

"அழகாத்தான் இருக்கும். நான் கேட்டது அது இல்லையே." விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அப்போதெல்லாம் அப்படித் திருப்புவாள். "நான் அவங்ககிட்ட உங்க உசுரக் கேட்டேன். அவங்க எட்டா பிரிச்சு ஒரு பங்க எடுத்துக்கிட்டா குடுத்தாங்க?"

மறுநாள் உடைக்கச் சொன்னேன்.

கொத்தனார் ஒரு நிபந்தனை வைத்தான். மற்றதை எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம், ராகு இதழை அவனே பெயர்த்து எடுப்பான். ஒரு நாள் முழுக்க உளியால் சுற்றிச் சுற்றித் தட்டினான். அப்படியும் இரண்டு துண்டாகத்தான் வந்தது. கோணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போனான்.

இந்தத் தடவை நான் தினமும் போனேன், நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கோணம் போட்டுப் பாதிப் பக்கத்தைக் காம்பஸில் எடுத்தேன். பெரிய காம்பஸ் இல்லாததால் ஆணியும் கம்பியும். ஏழு குறி வைத்தேன். முதல் குறிக்கும் கடைசிக் குறிக்கும் நடுவே அரை அங்குலம். மிஞ்சியதைப் பங்கிட்டுத் தள்ளலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் தள்ளினால் இன்னொரு பக்கம் கம்பி நழுவிற்று. மறுபடி குறித்தேன். நாள் போய்க்கொண்டிருந்தது. கொத்தனார் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்: "ஏப்ரல் தண்ணித் திருவிழாவுக்கு அப்புறம் நான் வேற ஊருக்கு வேலைக்குப் போயிருவேன் ஸயாஜி. பட்டைய எப்ப வெக்கிறது?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

அன்று இரவு சாப்பிடும்போது அவள் கை தட்டுக்கு வெளியே சோற்றைத் தேடியது. நான் பார்க்கவில்லை என்று நினைத்து, மேஜை விளிம்பைத் தடவித் தட்டைக் கண்டுபிடித்தாள். காலையில் போய்க் கொத்தனாரிடம், பட்டையை வைத்துவிடு என்றேன். ஆறு இதழை நாடாவில் அடுத்த கோட்டுக்கு ஏற்றி வை, மிச்சம் ஏழாவதற்கு; அந்தக் கடைசி இதழ் மற்றதைவிட அரை அங்குலம் ஒடுங்கலாக இருக்கும் என்றேன். எங்கே என்று அவன் கேட்டான். தென்கிழக்கில், வாசல் பக்கம், தட்டி மறைக்கும் இருட்டு மூலையில் என்றேன். அதற்கு மேல் நின்று பார்க்கவில்லை. போய் டீக்கடையில் உட்கார்ந்தேன்.

மார்ச் கடைசியில் சாணை பிடித்து முடிந்தது. காலை ஒன்பது மணிக்கு அவளை அழைத்து வந்தேன். நல்ல வெளிச்சம் இருக்கட்டும் என்று கொத்தனார் வாசல் தட்டியை முழுக்கக் கழற்றி வைத்திருந்தான். அவள் குனிந்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு இதழைப் பார்த்தாள். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து நடுவரை பார்த்தாள். ஏழு இதழுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு இடம்தான் தெரிந்தது.

பிறகு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலோடு விரல் சேர விளிம்போரமாக அடி வைத்து நடந்தாள். கடைசி இதழில் நின்றாள். திரும்பி முந்தைய இதழில் நடந்தாள். மறுபடி கடைசிக்கு வந்தாள்.

"இது கொஞ்சம் ஒடுக்கமா இருக்கே."

"அரை அங்குலம்," என்றேன். "சொன்னேனே, முடியாதுன்னு. வேணும்னா உடைச்சு..."

"எதுக்கு உடைக்கணும்? இது கடைக்குட்டியோடது. அவ சின்னவதானே. அவளுக்கு இவ்ளோ போதும்." சன்னிதியில் சிவப்புத் துணி சுற்றி நின்ற ஏழு கல்லில், ஓரத்தில் இருந்த சின்னக் கல் பக்கம் கையைக் காட்டினாள். கை கொஞ்சம் தள்ளித்தான் நீண்டது. "அழகா இருக்குங்க. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்."

தலைவர் சர்க்கரைப் பொங்கல் வாளியோடு வந்தவர், "எண்ணியாச்சா வாத்தியாரே? இல்ல, ஆறுன்னு ஏதும் வந்திருச்சா?" என்றார். அவள் சிரித்தாள். நான் அவரிடம் வாளியை வாங்கிக்கொண்டேன்.

அவளுடைய பார்வை அந்த வருஷ மழைக்கு முழுக்கப் போய்விட்டது. அதன் பிறகு நான்கு வருஷம், வெள்ளிக்கிழமைதோறும் அழைத்துப் போனேன். காலால் எண்ணிக்கொண்டு ஒரு சுற்று வருவாள், கடைசி இதழில் கொஞ்சம் நிற்பாள். 2009 முதல் நான் தனியாகப் போகிறேன். அந்த அரை அங்குலம் இன்னும் என் கண்ணில் முதலில் படுகிறது. அதை அழகு என்று சொல்ல எனக்கு வராது. எட்டு இதழ்த் தாமரைதான் அழகு. அதை நான் பத்து நிமிடம் பார்த்தேன். ஆனால் நடக்கும்போது, அவள் நின்ற இடத்தில் நானும் நிற்கிறேன்.

கொத்தனாரின் வீட்டு வழியாகப் போனால் ராகு இதழைப் பார்க்கலாம். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பானை வைக்கும் மேடையில் இரண்டு துண்டையும் ஒட்டிப் பதித்திருக்கிறான். இணைப்புத் தெரியவில்லை என்று அவன் சொல்கிறான். தெரிகிறது.

முதல் தாமரைக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், உடைத்ததற்கு ஒன்பதாயிரம், இரண்டாவதற்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்து ஐந்நூறு, ராகு இதழை ஏற்றிப்போன சைக்காவுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மொத்தத்தை எட்டால் வகுத்தால் மிச்சமின்றிப் போகிறது, ஏழால் வகுத்தால் மூன்று மிஞ்சுகிறது: இரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் கியாட்.